பேர் விட்டுப்போன புத்தகம்

திருச்செங்கோட்டில் வைகாசித் தேர் நிலையை விட்டுக் கிளம்பி, முதல் முக்கில் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்ட காலை நேரத்தில், ஊரே வடத்தைக் கீழே வைத்துவிட்டு நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, அம்மையப்பன் அச்சகத்துச் சம்பூரணம் மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தார்ப்பாயில் பரப்பிய பழைய புத்தகக் கடை முன்னால் குந்தி உட்கார்ந்து, நாலு ஊர்த் திருவிழா சுற்றியும் யாருமே தொடாத ஒரு புத்தகத்தை வாங்கினாள். அந்தப் புத்தகத்தால் ஊருக்கு இருபத்துமூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். இருபத்திரண்டு பேரை ஊரே பார்த்துக்கொண்டது. மிச்சம் ஒருத்தரை வரவழைக்கத்தான் சம்பூரணம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

சம்பூரணத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் முப்பது வருஷத்தில் அந்தப் பக்கத்துக் கல்யாணம் எதற்காவது யாராவது உங்களைக் கூப்பிட்டிருந்தால், அவள் கண்ணில் படாத பத்திரிகை உங்கள் கைக்கு வந்திருக்காது. மெஷின் ஓட்ட ஆள் உண்டு, கம்ப்யூட்டரில் அடிக்க ஆள் உண்டு. புரூஃப் பார்ப்பது மட்டும் அவள். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாகப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள், தாய்மாமன் இனிஷியல் தப்பாகப் போனால் மன்னிக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு 'பெ' தவறி 'பொ' ஆனதில் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன இரண்டு குடும்பங்களை அவளே பார்த்திருக்கிறாள். இனிஷியல் இருந்து பேர் இல்லாவிட்டாலும், பேர் இருந்து இனிஷியல் இல்லாவிட்டாலும் சம்பூரணத்துக்குச் சோறு இறங்காது.

அவளுடைய வீட்டுக்காரர் ப. செங்கோட்டுவேல். அச்சகத்தின் முதலாளி. அந்தப் பேரை அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை. பத்திரிகையில் அதே பேருடைய ஆள் யாராவது வந்துவிட்டால் புரூஃபைச் சத்தமாகப் படிக்கும்போது அந்த இடத்தில் ஒரு இருமல் இருமிவிட்டு மேலே போவாள். முப்பத்தோரு வருஷமாக அச்சக வாசல் பெஞ்சில் அவர் வலப்பக்கமும் அவள் இடப்பக்கமுமாகத்தான் உட்கார்வார்கள். மலைமேல் சாமியே ஒரு பாதி ஆணும் இடப்பாதி அம்மனுமாக நிற்கிற ஊரில் அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் செங்கோட்டுவேலுக்குத் தலைக்குள் ஒரு நரம்பு அடைத்தது. கையும் காலும் ஆறு மாதத்தில் தேறிவிட்டன. இடப்பக்கம் மட்டும் தேறவில்லை. அவருடைய இடது கை என்றில்லை, உலகத்தின் இடப்பக்கமே காணாமல் போய்விட்டது. கண்ணில் ஒன்றும் கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டது என்றார் டாக்டர். தட்டில் வலப்பக்கத்து இட்லியைத் தின்றுவிட்டு, “ரெண்டுதான் வெச்சீங்களா?” என்பார். வலது கன்னம் மட்டும் பளபளவென்று சவரம் செய்துகொண்டு வருவார். எந்த வரியைப் படித்தாலும் முன்பாதி அவருக்குக் கிடையாது. ஆகையால் ஊரில் ஒருத்தருக்கும் இனிஷியலே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் போகட்டும். சம்பூரணம் இடப்பக்கம் உட்கார்ந்தால் அவருக்கு அவள் இல்லை. சரி, வலப்பக்கம் போய் உட்காரலாம் என்று அவள் போய் உட்கார்ந்தால், “வாங்க சிஸ்டர்” என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸம்மா என்று நினைப்பு.

“நான்தானுங்க, உங்கூட்டுக்காரி,” என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள்.

“சும்மா சொல்லாதீங்க சிஸ்டர். எங்கூட்டுக்காரி இந்தப் பக்கம் எப்பவும் உக்காரமாட்டா. அவ அந்தப் பக்கம். இன்னும் காணோம், எங்க போனாளோ தெரியல. நீங்க எங்காச்சும் பாத்தீங்களா?”

ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, இரண்டு வருஷம். அவளிடமே அவளைக் கேட்டார். அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, அவள் போடுகிற காப்பி மாதிரி வராது என்றார். சம்பூரணம் சிரிக்கவும் செய்தாள், பின்கட்டில் போய் அழவும் செய்தாள்.

அதனால்தான் தேர் நின்ற வெயிலில் 'மூளை நரம்பு நோயாளிகள்: இருபத்துமூன்று கேஸ்கள்' என்ற அட்டையைப் பார்த்ததும் அவள் கை தானாக அதில் போய் விழுந்தது.

“அது வேண்டாங்க அக்கா. பாதிப் புக்குங்க அது,” என்றார் கடைக்காரர்.

“பக்கம் கிழிஞ்சிருக்குதுங்களா?”

“பக்கமெல்லாம் சரியா இருக்குதுங்க. ஆளுங்க பேருதான் இல்ல. ஆரப் பத்தின்னே தெரியாம ஆருங்க படிப்பாங்க?”

திறந்து பார்த்தாள். 'வெ. ———, வயது 47. பெற்ற தாயின் முகத்தையும் கண்ணாடியில் தன் முகத்தையும் அடையாளம் காண இயலாதவர்.' அடுத்தது 'மா. ———.' அதற்கடுத்தது 'தி. ———.' எல்லாவற்றுக்கும் இனிஷியல் இருந்தது, பக்கத்தில் ஒரு கோடு இருந்தது, பேர் இல்லை. எழுதின டாக்டர் நோயாளியின் பேரை மறைப்பதற்காக முதல் எழுத்தை மட்டும் போட்டிருப்பார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. சம்பூரணத்துக்கு அப்படித் தெரியவில்லை. இந்த ஊர் வழக்கத்தில் இனிஷியல் என்பது ஆளின் பேரில்லை, ஆள் யாரைச் சேர்ந்தவர் என்பது. அப்பன் பேர் இருந்து தன் பேர் விட்டுப்போன இத்தனை ஜீவன்களை ஒரே புத்தகத்தில் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

ஏழாவது கேஸில் அரிப்பும் நின்றுபோயிற்று. 'செ. ———, அச்சகத் தொழில். இரண்டாண்டுகளாக இவருக்கு இடப்பக்கத்தில் இடமில்லை. வாழ்க்கைத் துணை அருகிலேயே இருந்தும் துணையற்றவராக வாழ்கிறார். தேறினாரா என்பது தெரியவில்லை.'

அவள் அந்த இடத்திலேயே விலை கேட்டு வாங்கிக்கொண்டாள். பின்னால் தேர் ஒரு உலுக்கு உலுக்கித் திரும்பியது. அதை அவள் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டிடத்தில் டிபன் கடை வைத்திருக்கிற வள்ளிநாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “ஏனக்கா, கேஸ் புக்கு வாங்கியாந்தீங்களாமா? ரெண்டாவது சிலிண்டருக்குங்களா?”

“இது வேற கேஸு புள்ள.”

“அட கடவுளே, கோர்ட்டு கேஸுங்களா! ஆரு மேலங்க?”

மறுநாள் காலையில் சம்பூரணம் பெஞ்சின் வலப்பக்கம் சிஸ்டராக உட்கார்ந்து, புத்தகத்தை அவர் பார்வைக்கு நேரே பிடித்து, முதல் கேஸைப் படித்தாள். “வெ.” என்று நிறுத்தினாள். “பேரு விட்டுப்போச்சுங்க.”

“எங்கீங்க சிஸ்டர் விட்டுப்போச்சு? நாகமாணிக்கம்னு குண்டா அடிச்சிருக்குதே,” என்றார் செங்கோட்டுவேல்.

அவள் பார்த்தாள். வெறும் கோடுதான். ஆனால் ஒருத்தர் படிக்க ஒருத்தர் திருத்துகிற தொழிலில் படிக்கிறவர் சொன்னால் திருத்துகிறவர் போட்டுத்தான் ஆக வேண்டும். காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, விட்டுப்போன எழுத்துக்குப் போடுகிற கூரை மாதிரியான குறியைப் போட்டு, அதன்மேல் 'நாகமாணிக்கம்' என்று எழுதினாள்.

அடுத்த நாள் எட்டே முக்கால் சங்ககிரி வண்டியிலிருந்து, மஞ்சள் பையும் நல்ல இஸ்திரிச் சட்டையுமாக ஒருத்தர் இறங்கி, விசாரித்துக்கொண்டே அச்சகத்துக்கு வந்து, “என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டீங்களாமா? நாகமாணிக்கம். வெ. நாகமாணிக்கம்,” என்றார். சம்பூரணம் அவருக்கு ஒரு காப்பி கொடுத்தாள். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு தினம் ஒருத்தர். அவள் இனிஷியலைப் படிப்பாள், அவர் பேரைப் படிப்பார்; முன்பாதி இல்லாத மனுஷரும் பின்பாதி இல்லாத புத்தகமும் அப்படிப் பொருந்திக்கொண்டன. ஒரு வாரத்தில் அந்த எட்டே முக்கால் வண்டிக்குப் 'புத்தகத்து வண்டி' என்று பேராகிவிட்டது. ஊருக்கு இது எப்படி நடக்கிறது என்பதில் அக்கறையில்லை. வந்தவர் எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம், சொந்தம் யார் என்பதில்தான் அக்கறை. 'வெ' என்றால் வெள்ளியங்கிரி மகன்தான் என்று மூன்று குடும்பம் நாகமாணிக்கத்துக்குச் சொந்தம் கொண்டாடி, கடைசியில் மூன்று வீட்டிலும் மாறிமாறிச் சாப்பிடுவது என்று முடிவாயிற்று; எந்த வீட்டில் யார் என்று அவருக்கு முகம் தெரியாததால் மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி பிரியமாக இருந்தார். ரேஷன் கார்டுக்கு அத்தாட்சி கேட்ட அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வயசு, தொழிலு, சீக்கு, டாக்டர் கையெழுத்து எல்லாம் அச்சுலயே இருக்குது. இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்று முத்திரை குத்தினார்.

நாகமாணிக்கத்தைக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். சந்தனத் தட்டோடு வாசலில் நிறுத்தினால் பணக்காரன், ஏழை, சண்டைக்காரப் பங்காளி என்று முகம் பார்த்து வரவேற்கத் தெரியாது. வருகிற அத்தனை பேரையும் ரொம்ப நாள் காணாத மாமன் வந்த மாதிரி கை குவித்து, “வாங்க வாங்க, உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்கறோம்” என்பார். 'என்னைச் சரியாகக் கேட்கவில்லை' என்று கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போகிற வழக்கமே அந்த வருஷத்தோடு ஊரில் ஒழிந்தது. மா. குணவதி என்ற அம்மாளுக்கு வலது முழங்கைக்குக் கீழே கையில்லை, ஆனால் இல்லாத விரல் நுனிகள் குளிர்ந்துகொண்டே இருக்கும். நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கிற இடத்தில் அந்தக் குளிர் கூடுகிறது என்று தெரிந்ததும், போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்கள் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து ராஜஸ்தான் வரைக்கும் கூட்டிப் போனார்கள். தி. தம்பிரானுக்கு மூளையில் மிஞ்சிய ஒரே வார்த்தை 'ஆகட்டும்'. விசைத்தறி முதலாளிகள் சங்கம் அவரைத் தலைவராக்கியது. அதே நாளில் தறித் தொழிலாளர் சங்கமும் தலைவராக்கியது. இரண்டு பக்கத்துக் கோரிக்கைக்கும் அவர் ஆகட்டும் என்றதில் ஒன்பது மாதமாக மூடிக்கிடந்த தறிகள் ஓடத் தொடங்கின.

இப்படி இருபத்திரண்டு பேர் வந்தாயிற்று. ஒருத்தருக்கும் சீக்கு தேறவில்லை. ஆனால் பேர் வந்த பிறகு, இருந்த சீக்கோடு அவரவர் ஒரு மனுஷராக நடமாடினார்கள். ஏழாவது கேஸை மட்டும் சம்பூரணம் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஊர் கேட்காமல் விடுமா?

“எல்லாருக்கும் பேரு போட்டீங்க. உங்கூட்டுக்காரரு கேஸ மட்டும் ஏனக்கா வெச்சிருக்கறீங்க?” என்று வள்ளிநாச்சி சண்டைக்கே வந்துவிட்டாள்.

“பயமா இருக்குது புள்ள.”

“என்ன பயம்?”

“பேரு போட்டா நாளைக்கு வண்டில முழுசா ஒருத்தர் வந்து எறங்கீருவாரு. ரெண்டு பக்கமும் தெரியற ஒருத்தரு. இங்க பெஞ்சுல பாதியா ஒருத்தர் உக்காந்திருக்காரு. நான் ஆருக்கு இட்லி வெக்கறது?” புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “அந்த முழு ஆளு என்னையக் கண்டுக்குவாரு, சரி. ஆனா இந்தப் பாதி ஆளத்தான நான் ரெண்டு வருசமா மிச்சக் கன்னத்தச் சவரம் பண்ணி, சட்ட போட்டுவிட்டுப் பாத்துட்டு இருக்கறேன்? இவரு கண்டுக்கோணும் புள்ள. எனக்கு இவருதான் வேணும்.”

வள்ளிநாச்சி ஒரு வடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனாலும் ஒரு கோட்டை நிரப்பாமல் விட்டு எத்தனை நாள் இருப்பது? ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலையில், குளித்து, பூ வைத்து, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெஞ்சின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து ஏழாவது கேஸைத் திறந்தாள். அவர் பேரின் முதல் எழுத்து. முப்பத்தோரு வருஷமாக வாயில் வராதது. இருமல் வந்தது, விழுங்கினாள்.

“செ.” என்றாள்.

அவர் பார்த்தார். “சம்பூரணம்,” என்றார்.

“இல்லீங்க. நல்லாப் பாருங்க.”

“எத்தன வாட்டி பாத்தாலும் அதேதானுங்க சிஸ்டர். சம்பூரணம். எங்கூட்டுக்காரி பேரு.” அவர் முகம் கலங்கியது. “அவள எதுக்குங்க சீக்காளி புக்குல போட்டிருக்குது? அவளுக்கு என்னாச்சு?”

சம்பூரணம் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். ஊரார் இனிஷியலையெல்லாம் திருத்தின மகராசி, தன் வீட்டு எழுத்தைக் கண்டதும் புத்தி தடுமாறிவிட்டிருக்கிறாள்! அவர் இனிஷியல் 'ப' அல்லவா? 'செ' அவருடைய பேர். அவருடைய பேரை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். ரேஷன் கார்டில், பாங்கு புத்தகத்தில், ஓட்டர் லிஸ்டில், செ. சம்பூரணம். 'இரண்டாண்டுகளாக இவருக்கு இடப்பக்கத்தில் இடமில்லை. வாழ்க்கைத் துணை அருகிலேயே இருந்தும் துணையற்றவராக வாழ்கிறார்.' அவரைப் பற்றி எழுதியதென்று அவள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த நாலு வரியும் அவளைப் பற்றியது. காணாமல் போனது அவர் இல்லை. அவள்தான். இத்தனை நாள் அதை யாரும் கேட்கவில்லை, அவளே கேட்கவில்லை, ஏதோ ஒரு டாக்டர் கேட்டு எழுதிவைத்திருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண்ணீர் கொட்டியது.

மூக்கைச் சிந்திக்கொண்டு, கூரைக் குறி போட்டு, மேலே தன் பேரை எழுதினாள்.

எழுதியாயிற்று. பேர் போட்டவர் மறுநாள் எட்டே முக்கால் வண்டியில் வந்து இறங்க வேண்டும், அதுதான் புத்தகத்தின் முறை. இங்கேயே இருக்கிறவள் எப்படி வந்து இறங்குவது? நாள் முழுக்க யோசித்தாள். சாயந்திரம் அவரிடம், “நாளைக்கு சிஸ்டர் வரமாட்டனுங்க,” என்றாள்.

“சரிங்க. ரெண்டு வருசமா ஒரு நாள் லீவு எடுக்கல நீங்க. எங்கூட்டுக்காரி வந்தா உங்களப் பத்திச் சொல்றனுங்க,” என்றார்.

விடிந்து ஏழு மணி வண்டிக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு சங்ககிரி போனாள். அங்கே வண்டி திரும்பியதும் அதிலேயே ஏறினாள். கண்டக்டர் சின்னுசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங்க அக்கா, இப்பத்தான போனீங்க? போறதும் நீங்களே, வாரதும் நீங்களேவா?”

“போனது சிஸ்டருங்க. வாரது நான்,” என்றாள். சின்னுசாமிக்கு அதில் சந்தேகம் ஒன்றுமில்லை. புத்தகத்து ஆட்களுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்த ஜன்னல் சீட்டைத் துடைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஊரே நின்றது. வள்ளிநாச்சி சும்மா இருப்பாளா? நாகமாணிக்கம் சந்தனத் தட்டோடு முன்னால் வந்து, தினம் பார்க்கிற சம்பூரணத்தை யாரென்று தெரியாமல், “வாங்க வாங்க, உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்கறோம்” என்றார். அந்த வார்த்தையை அவர் ஆயிரம் பேரிடம் சொல்லியிருந்தாலும் அன்றைக்குத்தான் அது முழுக்க நிஜமாக இருந்தது. குணவதி இல்லாத கையால் அவள் தோளைத் தொட்டார். சம்பூரணத்துக்கு அது ஜில்லென்று இருந்தது. தவில் முழங்க, தேர் வருகிற அதே வீதியில் அவளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அச்சகத்து பெஞ்சிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் இடப்பக்கம். இதுவரை வந்த இருபத்திரண்டு பேரும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தார்கள். வந்து, வாசலிலிருக்கிற மின்கம்பத்தைத் தாண்டி வலப்பக்கம் நின்ற பிறகுதான் செங்கோட்டுவேலுக்குத் தெரிந்தார்கள். சம்பூரணம் கம்பத்துக்கு இடப்பக்கமே நின்றுவிட்டாள்.

“இன்னும் நாலடி வாங்கக்கா! அங்க நின்னா அவருக்குத் தெரியாது!” என்றாள் வள்ளிநாச்சி.

“வரமாட்டேன். இதுதான் எம் பக்கம்,” என்றாள் சம்பூரணம்.

தவில் நின்றது. செங்கோட்டுவேல் வலது கன்னம் மட்டும் சவரம் செய்துகொண்டு, வலப்பக்க வீதியைக் கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார். “எட்டே முக்கால் வண்டி வந்துருச்சுங்களா? எங்கூட்டுக்காரி வரோணுமே,” என்றார் பொதுவாக. வீதி முழுக்கப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், இருக்கிற உலகத்தில் அவள் இல்லை. அப்படியானால் இல்லாத பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கழுத்து அசைந்தது. முக்கில் தேர் திரும்புகிற மாதிரி, ஒரு விரற்கடை திரும்பி, நின்று, நடுங்கி, பின்வாங்கி, மறுபடி ஒரு விரற்கடை திரும்பியது; ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசால் வடம் இழுத்தது, தி. தம்பிரான் மட்டும் சத்தமாக, “ஆகட்டும்! ஆகட்டும்!” என்றார். கம்பம் வந்தது, பார்வை கம்பத்தைத் தாண்டியது, இரண்டு வருஷமாக இல்லாத வீதி வந்தது, அதில் பட்டுச்சேலையும் மஞ்சள் பையுமாக அவள் நின்றாள்.

“சம்பூரணம்! எங்க புள்ள போயிருந்த இத்தன நாளா?”

“எங்கயும் போகலீங்க. இங்கயேதான் இருந்தனுங்க.”

தவிலடித்தவர் தன் பாட்டுக்கு முழக்கத் தொடங்கினார். பிடித்திருந்த மூச்சை ஊர் விட்டதில் தெருவில் காயப்போட்டிருந்த நோட்டீஸ்களெல்லாம் பறந்தன என்பார்கள். செங்கோட்டுவேல் பெஞ்சில் வலப்பக்கம் நகர்ந்து இடம் விட, அவள் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு சிஸ்டர் இருந்துச்சு. நல்ல பொம்பள,” என்றார். “எனக்கு மேல உன்னையத் தேடிட்டுக் கெடந்துச்சு. காப்பிதான் உன்னாட்ட வராது.”

அவள் சிரித்தாள், அழுதாள், எது எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவர் பெஞ்சில் கிடந்த அன்றைய கல்யாணப் பத்திரிகைப் புரூஃபை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வரியின் முதல் எழுத்திலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன, தாய்மாமன் இனிஷியல் தப்பா இருக்குது? ஆரு புரூஃப் பாத்தது?”

“சிஸ்டருங்க,” என்றாள் சம்பூரணம்.